ஓட்டை போட்ட லேமினேட்

எல்லாம் என் புத்திகெட்டத்தனம். "வீட்டிலேருந்து தண்ணி இறங்காத சாமான் ஒன்னு கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியவள் நான். என்ன கொண்டு வந்தார்கள் என்று பார்க்காதவளும் நான்தான்.

பத்து காஜா டவுன் பக்கம், ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி. இரண்டாம் ஆண்டில் ஒன்பதே பிள்ளைகள். அன்றைக்கு அறிவியலில் நீர் ஈர்க்கும் பொருள், ஈர்க்காத பொருள். பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன். மழைக்கோட்டுத் துண்டு, பிஸ்கட் பாக்கெட், சிலிப்பர், பழைய குடைத் துணி என்று ஆளுக்கு ஒன்றாகப் போட்டார்கள். ஓய்வு மணி அடித்தது. ஊறட்டும், வந்து பார்க்கலாம் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு கேண்டீனுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் ஒரு பெண்பிள்ளை முந்திக்கொண்டு தன்னுடையதைத் தூக்கிக் காட்டினாள்.

"டீச்சர், என்னோடது பிளாஸ்டிக்! உள்ள தண்ணி போகவே போகாது லா!"

ஐயோ! அது லேமினேட் செய்த காகிதம். உள்ளே நீல மை கரைந்து ஒரே தீற்றலாகக் கிடந்தது.

அவள் அம்மா இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்டார்கள். அதனால் இன்றுவரை ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது. இங்கே பிறந்தவர் என்பதற்கு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் பேனாவால் எழுதிக் கொடுத்த அந்தப் பிறப்புச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அதன் பதிவுப் புத்தகமும் இல்லை. முக்கியமான தாள் என்றால் உடனே லேமினேட் போட்டுவிடுவது எங்கள் ஆட்கள் பழக்கம். திங்கட்கிழமை ஈப்போ பதிவு ஆபீசில் ஐசிக்காக அவருக்கு நேர்காணல், அசல் சீட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். "பைல்ல கோர்த்து வைங்கக்கா" என்று சொன்னதும் நான்தான். அதற்காக ஓரத்தில் போட்ட இரண்டு ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருந்தது.

அவள் அம்மாவுக்கு உடனே போன் செய்தேன். சாப்பாட்டுக் கடை வேலையைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு சைக்கிளில் வந்து நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம். திட்டவே இல்லை. சீட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"போட்டோஸ்டேட் இருக்காக்கா?"

"இருக்கு டீச்சர். ஆனா அவங்க அசலத்தான் கேக்குறாங்க."

மகள் மூலையில் உட்கார்ந்து, அட்டவணையில் 'நீர் ஈர்க்காது' என்ற இடத்தில் போட்டிருந்த டிக்கை அழித்துக்கொண்டிருந்தாள். தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்தாள். 

"டீச்சர்," என்றார் அந்த அக்கா மெதுவாக. "காஞ்சா எழுத்து திரும்பி வருமா? நீங்க சயின்ஸ் சொல்லிக் குடுக்குறவங்க, உங்களுக்குத் தெரியுமே."

மகளும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வரும்க்கா," என்றேன். "முதல்ல காயட்டும்."

சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, போய்க் காற்றாடியை ஐந்தில் திருப்பினேன்.