பந்தி நேரத்துப் பூட்டு

ஸ்டேஷன் ஆபீசர் சார். மண்டபத்து மேனேஜர். சமையல் மாஸ்டர் ஏழுமலை அண்ணன். அப்புறம், ஆபீசர் சாருக்கு ஜீப் ஓட்டுற நான். அன்னைக்கு இவ்வளவு பேர்தான்.

கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். தீயணைப்புத் துறை செக்கிங். விசேஷம் எதுவும் இல்லாத நாள்.

சார் பார்த்துட்டுப் போற ஆள் இல்லை. கண்ணைக் கட்டி நடக்க வைப்பார்.

"புகையில கண்ணு தெரியாது. மூக்குல ஈரத்துணியை வச்சுக்கிட்டுக் கீழே தவழுங்க. சுவரைத் தொட்டுக்கிட்டே போங்க. பின்கதவு வரும்."

மேனேஜர் சிரித்து நழுவிவிட்டார். அண்ணன்தான் தோள் துண்டை எடுத்துக் கண்ணில் கட்டினார்.

"இன்னா சார், கரண்ட் போனா எங்க வூட்ல டெய்லி இதான நடக்குது!"

தவழ்ந்தார். கதவு வந்தது. தள்ளினார், திறந்தது. வெளியே நின்று கேட்டார்.

"பாஸா, ஃபெயிலா சார்?"

"பாஸ் அண்ணா."

போன மாசம் ஒரு முகூர்த்தம். அதே மண்டபம். சமையல்கட்டில் கேஸ் கசிந்து தீ. பந்தியில் இருந்தவர்கள் முன்வாசல் வழியாகத் தப்பித்தார்கள். நாங்கள் பின்பக்கம் போய்ப் பூட்டை உடைத்தோம்.

கதவுக்கு உள்பக்கம் அண்ணன் குப்புறக் கிடந்தார். ஒரு கை சுவரில். மூக்கில் ஈரத் துண்டு. மூச்சு இல்லை.

சொன்ன மாதிரியே வந்திருக்கிறார்... எதையும் மறக்கவில்லை.

"ஏன்யா பூட்டின?" சார் மேனேஜரைக் கேட்டார்.

"பந்தி நேரம் சார்... கண்டவன் உள்ள பூந்து சாப்பிட்டுப் போயிடறான். எல்லா மண்டபத்துலயும் வழக்கம்தானே?"

வழக்கம்தான். கூட்டம் வந்தால் பூட்டு. காலியாக இருந்தால் திறந்து கிடக்கும். நாங்கள் பார்த்தது காலி மண்டபம்.

ஜீப்பில் திரும்பினோம். பல்லாவரம் தாண்டியதும் சார் சொன்னார் — "பாஸுன்னு சொன்னேனேப்பா."

நீங்களும் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். கை கழுவுற இடம் கேட்பீர்கள். பின்கதவு எங்கே என்று கேட்டதுண்டா?

இப்போது முகூர்த்த நாளில்தான் செக்கிங். அஸ்தினாபுரத்தில் ஒரு பெண்ணோட அப்பா சண்டைக்கே வந்துவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா நெருப்பு, புகைன்னுகிட்டு... வேற நாளே கிடைக்கலையா சார் உங்களுக்கு?"

சார் நேராகப் பின்பக்கம் நடந்தார்.

போன முகூர்த்தத்துக்கு ஐந்து மண்டபம் போனோம். எல்லாம் பந்தி நேரம்.

பூட்டியிருந்த பின்கதவு — நாலு.