ஸ்பேனரில் கட்டிய பென்டிரைவ்

என் மேசை இழுப்பறையில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடக்கிறது. அதன் வளையத்தில், பச்சை நைலான் கயிற்றால் விரலளவு பென்டிரைவ் ஒன்று கட்டியிருக்கும். "சின்னச் சாமான் தொலையும், பெரிய சாமான் தொலையாதுங்க" என்று அதைக் கட்டியவர் எங்கள் மெக்கானிக்கண்ணன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் முதலாளியிடம் நான் அலுவலக வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே நடுக்கம். திரையில் ஏதாவது எழுத்து துள்ளி வந்தால் படிக்கவே மாட்டேன். சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே கோயில் மலையைப் பார்த்துக் கும்பிடுவேன்.

மெக்கானிக்கண்ணன் நேர் எதிர். நடுக்காட்டில் கம்ப்ரசர் நின்றால் கம்பெனி ஆள் வரட்டும் என்று காத்திருக்கமாட்டார். அங்கேயே பிரித்துப்போட்டு, கையிலிருப்பதை வைத்து ஓட்டிவிடுவார். வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போர் போடப் போனபோது, அங்கே லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தில் கம்ப்யூட்டர்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். வாத்தியாரிடம் கேட்டு அதைப் பென்டிரைவில் வாங்கியே வந்துவிட்டார். "அம்முணி, இதை யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாமாமுங்க. மூடியத் தொறக்க உடாத வண்டி நம்முளுது இல்லீங்க" என்றார். அலுவலகக் கம்ப்யூட்டர் அப்போது வைரஸ் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு மத்தியானம் முதலாளி வெளியே போயிருந்த தைரியத்தில் இருவரும் லினக்ஸ் போட உட்கார்ந்தோம். பழையதையெல்லாம் அழித்துவிடட்டுமா என்று திரை கேட்டது. எனக்குக் கை வரவில்லை. "பழைய போரை ஃப்ளஷ் அடிக்காம மோட்டார் எறக்குவோமுங்களா? அழிச்சுப்போடுங்க" என்றார். போருக்குள் காற்றடித்துச் சேற்றை வெளியேற்றுவதுதான் ஃப்ளஷ். நியாயமாகத்தான் பட்டது. அழுத்திவிட்டேன்.

சேற்றோடு தண்ணீரும் போய்விட்டது. எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஊற்று என்று பல வருஷமாகச் சேர்த்த குறிப்பு மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. முதலாளிக்கு உயிரே அதுதான். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து பிடித்த வேலை. போச்சு என்றே நினைத்தேன். முதலாளி வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக்கண்ணன் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க அழிச்சுப்போட்டேன். அம்முணி வேண்டாம்னுதான் சொல்லுச்சு." பச்சைப் பொய்! அப்படிச் சொல்கிறவர் பக்கத்தில் சும்மா நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. "அழுத்துனது நானுங்க" என்றேன். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் அழிச்சீங்கன்னா ரெண்டு பேருமே கொண்டாங்க. ஒரு வாரம் டைம். இல்லாட்டி அம்முணி ஊட்டுலயே இருந்துக்கட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் படித்தது அந்த வாரத்தில்தான். அழித்தது உடனே செத்துப்போவதில்லை, மேலே புதிதாக எழுதிய இடம் போக மற்றது உள்ளேதான் கிடக்கும் என்று முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் தமிழிலேயே எழுதி வைத்திருந்தார். மேற்கொண்டு எதுவும் எழுதிவிடாமல் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, அவர் சொன்ன கட்டளையைக் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்தேன். பிழை என்று வந்தது. சுவிட்சுக்குப் போன என் கையை மெக்கானிக்கண்ணன் மறித்தார். "என்ன சொல்லுதுன்னு படிங்க அம்முணி. எங்க நோவுதுன்னு இன்ஜினே சொன்னா நமக்குப் பாதி வேல மிச்சமுங்க." படித்தேன். ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்! இதற்கா இத்தனை நாள் மலையைக் கும்பிட்டோம் என்று சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் குறிப்புகள் திரும்பின, பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக. ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, ஊர்ப்பெயர் போட்டேன். முடித்தபோது எடப்பாடிக்கு எத்தனை அடி, மேச்சேரிக்கு எத்தனை அடி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் வண்டி அனுப்புமுன் முதலாளி என்னைத்தான் கேட்கிறார்.

மெக்கானிக்கண்ணன் இப்போது ரிக்கோடு ஆப்பிரிக்காவில். அவர் கிளம்பும் நாளில், ஸ்பேனரை அவரிடமே கொடுத்துவிடலாமென்று பென்டிரைவை மட்டும் அவிழ்க்கப் போனேன். "ஸ்பேனரும் இருக்கட்டுமுங்க, இல்லாட்டித் தொலச்சுப்போடுவீங்க" என்றார். போன வாரம் வீடியோ காலில் வந்தார். அங்கே கேம்ப் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடுகிறாராம். திரையைக் காட்டி, விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டே கேட்டார். "அம்முணி, அழிக்கட்டுமான்னு கேக்குதுங்க. என்ன சொல்லட்டும்?"

இழுப்பறையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஓங்கினேன். "கையை எடுங்கண்ணா! மொதல்ல என்ன சொல்லுதுன்னு படிங்க!"