ஆயுத பூஜையன்று அணைக்காத சர்வர்

போன வாரம் குமுளி பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை வாட்ஸப்பில் அனுப்பி, தேனி பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ளச் சொல்வதுதான் எங்கள் பக்கத்துக் கூரியர். சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு லேப்டாப். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததே, அது. அனுப்பியவள் ஞானம். முழுப்பெயர் ஞானசௌந்தரி, என்னோடு முன்பு வேலை பார்த்தவள். "இன்னும் ஓடுமான்னு பாருங்கக்கா. ஓடுச்சுன்னா உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக் குடுங்க. சின்னவன் படிக்கிறதுக்கு வேணும்" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

பின்மூடியைக் கழற்றினேன். விசிறியில் அடைத்திருந்த தூசி ஏலக்காய் மணத்தது. ஞானம் இப்போது குமுளிக்கு மேலே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் கணினி பார்க்கிறாள். கீழே நம் மெஷின்களில் கரப்பான் பூச்சி குடியிருக்கும், மலையில் ஏலக்காய் குடியிருக்கும் போல. ஊதித் துடைத்துவிட்டுத் திருப்பினேன். மேல்மூடியின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு, காய்ந்துபோன மஞ்சள் கறை. சந்தனம். அதைப் பார்த்ததும் என் வலது புறங்கை சில்லென்று ஆனது. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனி கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில்தான் எனக்கு முதல் வேலை. கீழே கடை, மேலே டைப்பிங் சென்டர். இரண்டுக்கும் முதலாளி அண்ணாச்சி. பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் எங்களிடம் வரும். பிள்ளைகள் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸும் கூடவே வரும். வாரத்துக்கு ஒரு மெஷின் படுத்துவிடும். ஒருநாள் அண்ணாச்சி மாடியேறி வந்து, "சீக்கு வராத மெஷினே கெடையாதா தாயி?" என்று கேட்டார். "லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்றேன். கல்லூரியில் அதைப் பற்றி எட்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன், அவ்வளவுதான் அதற்கும் எனக்கும் உறவு. "அப்ப அதையே போட்டுரு" என்றுவிட்டுப் பருப்பு மூட்டையை இறக்கப் போய்விட்டார்.

போட்டேன். ஒரு மாதம் பிரிண்டர் ஓடாமல் அழுதேன், தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தபோது அதற்கும் அழுதேன். பிறகு ஒரு பழைய மெஷினை சர்வராக்கி, மற்ற எட்டையும் அதோடு சேர்த்ததும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அப்டைம் என்று ஒரு கமாண்ட் உண்டு. மெஷின் எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று காட்டும். காலையில் வந்து செருப்பைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பேன். முந்நூறு நாளைத் தாண்டினால் அன்று யாரிடமும் சிரித்துப் பேசமாட்டேன்.

அந்த எண்ணை வருஷத்துக்கு ஒருநாள் அண்ணாச்சி பூஜ்யமாக்கிவிடுவார். ஆயுத பூஜை. காலையில் கீழும் மேலும் ஒட்டடை அடித்துக் கழுவ வேண்டும். தராசு, படிக்கல், சணல் ஊசி, ஸ்டேப்லர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மேலே வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு, சரியாக அந்த வட்டமான பவர் பட்டன் மேலேயே. நெற்றி மாதிரி அதுதான் அவருக்குத் தோதாக இருக்கும். சூடம் காட்டியதும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அப்படியே குனிந்து யு.பி.எஸ்ஸையும் அணைப்பார். மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. "கரண்டு போனாலும் ஒழைக்கிற பெட்டியில்ல அது, அதுக்குத்தான் மொதல்ல ஓய்வு" என்பார்.

அந்த மாடியில் ஞானம் பார்த்த வேலைக்கு இப்போது வருகிறேன். சின்னமனூருக்குத் தெற்கே கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு ஊர். அந்த ஊர்க் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றித் தரச் சொல்லி அங்கிருந்த சாமியார் கேட்டிருந்தார். வெள்ளைக்காரச் சாமியார்கள் கையால், லத்தீனில் எழுதியவை. பழைய மையே தாளை அரித்திருந்தது. ஒரு பக்கத்தைப் படம் எடுத்துத் திருப்பும்போதே ஓரம் உதிரும், சில பக்கம் முழுசாகவே உதிர்ந்து மேசையில் கொட்டிவிடும். ஞானம் அந்த ஊர்க்காரி. எந்த லத்தீன் வார்த்தைக்கு மகன், எதற்கு மகள் என்று சாமியாரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு பதினோரு மாதம் அடித்தாள். சூசையப்பன், சவேரியம்மாள், அருளாயி என்று பெயர் பெயராகத் தனக்குள் சொல்லிக்கொண்டே அடிப்பாள்.

ஒரு காலரா வருஷத்துப் பக்கங்கள் வந்தபோது மட்டும் அவள் சத்தம் நின்றுபோயிற்று. போய்ப் பார்த்தேன். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு இறந்த நாள். எல்லாம் ஒரே தேதி. "ஒருநாள் புள்ளைகக்கா. இந்த ஒரு வரியில தவிர இதுக ஒலகத்துல எங்கயுமே இல்ல" என்றாள். அந்தப் பக்கம் அன்று சாயங்காலமே உதிர்ந்துவிட்டது.

படமும் எழுத்துமாக எல்லாமே சர்வரில் ஒரே பெரிய கோப்புக்குள் இருந்தன. அந்தக் கோப்பு இருந்த ஃபோல்டரின் பெயர் டெஸ்ட். சும்மா சோதித்துப் பார்க்க ஆரம்பித்தது, அப்படியே ஓட ஆரம்பித்து, பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் என்ன, எனக்குத்தான். பேக்கப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன், படங்களை விட்டு எழுத்தை மட்டும். எங்கே என்று கேட்காதீர்கள். அதே டெஸ்ட் ஃபோல்டருக்குள்.

அந்த வருஷ ஆயுத பூஜையன்று பதினொன்றரைக்குச் சூடம் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். காலையில் கீழே கழுவிக்கொண்டிருந்தார்கள். ஞானம் மட்டும், மறுநாள் வரை மெஷின் கிடைக்காதே என்று கடைசிப் பதிவேட்டை அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் சுத்தம் பண்ணும்போது நாம் சும்மா இருப்பதா என்று எனக்கு ரோஷம். சர்வரின் டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. ஒட்டடை அடிக்கிற அதே மும்முரத்தில் பழைய குப்பைகளை வரிசையாக அழித்தேன். டெஸ்ட் என்று ஒன்று பெரிதாகத் தெரிந்தது. டெஸ்ட்தானே என்று அதையும் அழித்தேன். லினக்ஸ் 'நிஜமாகவா?' என்று கேட்காது. கேட்காதே என்று நானே சேர்த்து அடித்திருந்தேன், அவ்வளவு கெட்டிக்காரி.

எவ்வளவு இடம் கிடைத்தது என்று பார்த்தேன். கொஞ்சம்தான் கூடியிருந்தது. இவ்வளவு பெரிய ஃபோல்டரை அழித்தும் இடம் ஏன் வரவில்லை என்று யோசித்தபோதுதான் எது போயிற்று என்று உறைத்தது. ஞானம் பக்கத்தில் போய் நின்றேன்.

"டைப் பண்றத நிறுத்து ஞானம். ஆனா மூடாத."

"ஏங்க்கா?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள், திரும்பிச் சவேரியம்மாள் என்று தேடினாள். சவேரியம்மாள் வந்தாள். "இந்தா இருக்குல்லக்கா" என்றாள்.

அதுதான் எங்களைக் காப்பாற்றிய விஷயம். அந்தக் கோப்பை ஒரு புரோகிராம் திறந்து வைத்திருந்தது. அப்படித் திறந்திருக்கும்வரை, நாம் அழித்தாலும் லினக்ஸ் கோப்பின் பெயரை மட்டும்தான் அடிக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. பட்டாவில் பெயர் போய்விட்டது, ஆனால் வீட்டுக்குள் ஆள் குடியிருக்கிறான். அவன் வெளியே வரும்வரை இடிக்க மாட்டார்கள். அந்தப் புரோகிராம் நின்றால், அல்லது மெஷினே அணைந்தால், அத்தோடு சரி. கீழே அண்ணாச்சி சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்.

இதை எங்கேயோ படித்த ஞாபகம்தான் எனக்கு இருந்தது, செய்தது இல்லை. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு எண், அந்த எண்ணில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அது பிடித்து வைத்திருக்கும் கோப்புகள். தேடிப் பிடித்தேன். எங்கள் கோப்பின் பக்கத்தில் 'டெலிடட்' என்று எழுதியிருந்தது. அங்கிருந்து வேறு இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். சர்வரிலும் ஞானத்தின் மெஷினிலும் இடம் இல்லை, மற்ற மெஷின்களைக் கழுவித் துடைக்கக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஞானம் பையிலிருந்து தன் இலவச லேப்டாப்பை எடுத்து நீட்டினாள். அதிலும் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். கேபிளை மாட்டி ஆரம்பித்தபோது மணி பதினொன்று ஐந்து. அந்தப் பழைய ஒயரில் நாற்பது நிமிஷமாவது ஆகும் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி பதினொண்ணரைக்கு மாடிக்கு வந்துருவாக" என்றேன். அழுகை வந்துவிட்டது. என் வேலை போகும் என்பதற்காக அழுதேன் என்று சொன்னால் பாதி உண்மை. அந்த ஒருநாள் பிள்ளைகளை நான் இரண்டாம் முறை சாகடித்துவிட்டேன் என்று இருந்தது.

ஞானம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க இங்கனயே இருங்கக்கா, நான் கீழ போயிட்டு வாரேன்" என்று இறங்கிப் போனாள். ஐந்து நிமிஷத்தில் வந்தாள்.

"என்ன சொன்ன?"

"எங்க கோயில்ல நற்கருணைப் பேழைக்குப் பக்கத்துல ஒரு வெளக்கு எரியும், அத ஒருநாளும் அணைக்க மாட்டோம். அது மாதிரி அந்த ஒரு மெஷின் மட்டும் இன்னைக்கு ஓடட்டும்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாக?"

"தலைய ஆட்டுனாக."

தட்டோடு அண்ணாச்சி மேலே வந்தார். முந்திக்கொண்டு நான் வாயைத் திறந்தேன். "சர்வருக்கு ஒடம்பு சரியில்ல அண்ணாச்சி. அணைச்சா மறுபடி எந்திரிக்காது." என்ன சரளமாகப் பொய் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் ம் என்றார். மெஷின்களுக்கு வரிசையாகப் பொட்டு வைத்தார். லேப்டாப்பின் மூடியிலும் ஒன்று வைத்தார். சர்வரின் முன் வந்து, பழக்கதோஷத்தில் சந்தனம் தொட்ட கட்டைவிரல் நேராகப் பவர் பட்டனுக்கு நீண்டது. அதை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், மெஷின் ஒழுங்காக எல்லாவற்றையும் மூடிவிட்டு அணைந்துவிடும். நான் பாய்ந்து பட்டன் மேல் என் கையைப் பொத்தினேன்.

விரல் நின்றது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு என் புறங்கையில் நிதானமாகச் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். "கை பத்திரம் தாயி" என்று சொல்லிவிட்டுச் சூடம் காட்டினார். அந்த வருஷம் மெயின் ஸ்விட்சை அணைக்கவில்லை. யு.பி.எஸ்ஸுக்கும் ஓய்வு இல்லை.

பதினொன்று ஐம்பதுக்குப் பிரதி முடிந்தது. அளவு சரியாக இருந்தது. லேப்டாப்பில் திறந்து, காலரா வருஷத்துப் பக்கத்தைத் தேடினாள் ஞானம். மரியாயி, மகள், ஒரே தேதி, சிலுவை. இரண்டு பேரும் பொரிகடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மறுநாள் அண்ணாச்சி வந்து, "இனிமே எதையும் ரெண்டு எடத்துல வச்சுக்க" என்றார். பொதுவாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் பொய் நின்றுவிட்டதில் வெட்கமும் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன், கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இப்போது நான் வீட்டில் இருந்தபடி ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவை எந்த ஊரில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஒன்று படுத்தால் அதை வைத்தியம் பார்ப்பதில்லை, கொன்றுவிட்டு இன்னொன்றைப் பிறப்பிக்கிறோம். அப்டைமை யாரும் கேட்பதில்லை. ஆயுத பூஜைக்கு வாட்ஸப்பில் படம் வருகிறது, நானும் அனுப்புகிறேன். பொட்டு வைக்க ஒரு பட்டன் இல்லை, பொத்திப் பிடிக்கவும் இல்லை.

லேப்டாப் ஓடியது. உள்ளே டெஸ்ட் ஃபோல்டர் அப்படியே இருந்தது. ஞானத்துக்குப் போன் போட்டேன். "அது இன்னும் இருக்காக்கா?" என்றாள். கோயிலில் எப்போதோ பிரதி கொடுத்தாயிற்று, ஆனாலும் இதை அழிக்க எனக்குக் கை வரவில்லை என்றேன். பேச்சோடு பேச்சாக, "பாவம் அண்ணாச்சி, நாந்தான் அழிச்சேன்னு கடைசி வரைக்கும் அவுகளுக்குத் தெரியாமலே போயிருச்சு" என்றேன்.

ஞானம் மெல்லச் சொன்னாள். "நான் கீழ போனப்பவே சொல்லிட்டேன்க்கா. பொய்யச் சொல்லிட்டு அந்த வெளக்கப் பத்திப் பேச எனக்கு வாய் வரல. அக்கா தெரியாம அழிச்சுருச்சு, அரை மணி நேரம் குடுங்கன்னுதான் கேட்டேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"புள்ள பயந்துபோயிருக்கும், நானும் ஒண்ணும் கேக்கல, நீயும் சொன்னேன்னு சொல்லாதன்னாக."

பட்டனை மறைத்த கைக்கு வேறு வழியில்லாமல் பொட்டு வைத்தார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அழித்த கை என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார். போனை வைத்துவிட்டு, டெஸ்ட் ஃபோல்டரை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போனேன். மளிகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அண்ணாச்சி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மேலே போய்ச் சும்மா நின்றுவிட்டு வரலாம் என்று பார்த்தேன், அந்த மாடிப்படியையும் இடித்திருந்தார்கள்.