கடிதம் போய்ச் சேர்ந்த வீடு

எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் விசாரிக்கும் அக்காவுக்கு ‘ஆதாரம்’ என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்டு உயிரை வாங்குவார். டீயில் சர்க்கரை கம்மி என்றால்கூட விடமாட்டார். தபால் குமாஸ்தாவான எனக்கு மட்டும் அவரைப் பிடிக்கும்.

புகார் வந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போவதற்கு ஏழு நாள் முன்பே கடிதம் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அக்கா இரண்டு வருடம் மதிய இடைவேளைகளில் நானூற்றுப் பன்னிரண்டு பழைய கோப்புகளைக் குடைந்தார். கடிதம் தபாலில் தொலைந்துபோய், சொல்லாமல் போனதுபோல் ஆகிவிட்ட வீடுகள் முப்பது. அவற்றில் பாதியில் அடிபட்ட குழந்தை கண்ணில் பட்டிருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்த வீடுகளில் பத்துக்கு ஒன்றுகூட இல்லை.

மேலாளர் அந்த அறிக்கையைப் புரட்டினார். "நல்லா உழைச்சிருக்கீங்க. அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்." அத்தோடு சரி, கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு ஒரு பள்ளியிலிருந்து, எட்டு வயதுப் பெண்ணின் முதுகில் தழும்பு என்று புகார் வந்தது. அக்கா கடிதம் போடாமலே போய்விட்டார். அம்மாக்காரி கதவைத் திறந்தாள். குளியலறை வெளியே தாழிட்டிருந்தது, உள்ளே பிள்ளை. "அப்பா பெல்ட்டால அடிப்பாருக்கா. அழுதா இங்க போட்டுடுவாரு."

பிள்ளையை அழைத்துவர மேலாளரின் கையெழுத்து வேண்டும். அக்கா ஓடிவந்து, பிள்ளை சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதினார். சொந்தக் கருத்து கலந்தால் ஆதாரம் கெட்டுவிடுமாம்.

"விதிப்படி போகல, செல்லாது. கடிதம் போட்டுட்டு மறுபடி போங்க," என்றார் மேலாளர்.

பதிவாகும் எதற்கும் பெற்றோருக்கு ஒரு நகல் போக வேண்டும். கடிதத்தோடு அதையும் இணைத்து உறையை ஒட்டியது நான்தான். பழக்கத்தில் கை தானாகச் செய்தது. எல்லாவற்றையும் கேட்கும் அக்காவும், அந்த நகல் யார் கைக்குப் போகும் என்று கேட்கவில்லை.

ஏழாம் நாள் வீடு பளிச்சென்று இருந்ததாம். குளியலறைக் கதவில் தாழ்ப்பாளே இல்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, "யாரும் அடிக்கல. நான் பொய் சொன்னேன்," என்றது. வாசல்வரை வந்தபோது மட்டும் மெதுவாகக் கேட்டதாம்: "உங்ககிட்டதானே சொன்னேன். ஏன்க்கா அப்பாகிட்ட எழுதிக் குடுத்தீங்க?"

கோப்பை அன்றே மூடிவிட்டார்கள். அக்கா தன் அறிக்கையின் அட்டவணையை எடுத்து நானூற்றுப் பதிமூன்றாவது வரியை எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தது. காயம் எதுவும் காணப்படவில்லை.