ஐந்தாவது ஆள்

நீச்சல் குளத்தின் மூலையில், மார்பளவுத் தண்ணீரில், ஏணிக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி ஜவுளிக்கடை அக்கா நின்றுகொண்டிருப்பார். மணிக்கட்டு வரை மூடிய கறுப்பு நீச்சலுடை, தலையில் தொப்பி. நாங்கள் நான்கு பெண்களும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்து மூச்சு வாங்கும்போதெல்லாம், "நேரம் ஆச்சாம்மா?" என்று கேட்பார். தான் மட்டும் ஓரடி நகர மாட்டார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து இப்படி நிற்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் கேட்டும்விட்டேன். "கால் வலிக்குத் தண்ணியில நின்னாலே போதும்னாங்கம்மா. நீ உன் வேலையப் பாரு" என்றார்.

என் வேலை நீந்துவது. ஆசைப்பட்டு வந்தவள் அல்ல நான். ஓசூரில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை. ஷிப்ட் முழுக்கக் குனிந்த தலை. எனக்கு வந்திருப்பது முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கட்டிப்போகும் நோய். "மாத்திரை பாதி, நீச்சல் பாதி. விட்டீங்கன்னா அப்படியே வளைஞ்சு நின்னுடும்" என்றார் டாக்டர். அந்தப் பயம் எத்தனை நாளைக்கு ஒருத்தியைத் தண்ணீருக்குள் தள்ளும்? முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் கண் சொருகும். மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீரை நினைத்தாலே பல் கிட்டும். காயாத தலை, குளோரின் நாற்றம், வீட்டில் குவிந்து கிடக்கும் பாத்திரம். இன்று ஒருநாள் போகாவிட்டால் குடி முழுகிவிடாது என்று மனம் தினமும் ஆசை காட்டும். நாலைந்து நாள் அதை நம்பினால் போதும், காலையில் தரையில் கையூன்றித்தான் படுக்கையை விட்டு எழ வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட மதியங்களில் அக்காவின் போன் வரும். "நான் கெளம்பிட்டேன்மா. நீ?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பெண்களுக்கென்று மதியம் மூன்று மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஐந்து பேராவது வராவிட்டால் அதைப் பையன்கள் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவேன் என்று குளத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். மற்ற நேரமெல்லாம் ஆண்கள். வீட்டில் விட மாட்டார்கள், எனக்கும் துணிச்சல் கிடையாது. ஊரில் இருக்கும் இன்னொரு குளம் ஓர் அடுக்குமாடிக்குள், அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஆள் குறைந்துபோன சமயத்தில் அக்காவின் கடைக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன். மேல் தட்டைப் பார்க்கக் கழுத்து நிமிரவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக் காட்டினார். ஒரே ஒரு ஆள் குறைகிறது, குளத்துக்காரர் நிறுத்தப்போகிறார் என்று என் புலம்பலையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அடுத்த வாரம் கால் வலி என்று சொல்லிக்கொண்டு அவர் குளத்துக்கு வந்தார். என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கணவர் இறந்தபின் கடையை விட்டுவிட்டு அக்கா பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு கன்னட டீச்சர் வந்து சேர்ந்தார். டிக்கெட் கொடுக்கும் பெண் அக்காவின் ஊர்க்காரி. ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: "அந்தக்காவுக்குத் தண்ணின்னாலே ஆவாதுங்க. அவங்க தம்பி கல்குவாரிக் குட்டையில முழுகித்தான் செத்தாரு. நீங்க நீந்தணுமேன்னுதான் வந்து நின்னாங்க." அன்று நான் நீந்தவில்லை. யாரும் பிடிக்காத அந்த ஏணிக் கம்பியைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தேன். நான் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்து நெஞ்சை அறுத்தது.

இப்போது டீச்சர் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார். மறுபடியும் நான்கு பேர். வரும் திங்கட்கிழமையும் ஐந்து பேர் இல்லையென்றால் நிறுத்தம் என்று குளத்துக்காரர் சொல்லிவிட்டார். கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணிடமும் கெஞ்சினேன். ஊத்தங்கரையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள், "தூங்கவே நேரமில்லீங்கக்கா" என்றார்கள். "அந்த டிரஸ்ஸப் போட்டா எங்கூட்ல வெட்டிப் போட்டுருவாங்க" என்றாள் ஒருத்தி. யாரைக் குறை சொல்வது? எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க இப்போதே நான் இடுப்போடு பின்னால் சாய வேண்டியிருக்கிறது. மிச்சக் காலமெல்லாம் தரையைப் பார்த்தே நடக்கப்போகிறேன் என்ற திகில் சாப்பிடும்போதுகூட விடுவதில்லை.

நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். அழுவதற்காகத்தான் செய்தேன், சத்தியமாக வேறெதற்கும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தினி பேரும்மா கொறையுது?" என்றார்.

"ஒருத்தர்தாங்கக்கா."

"அத்திப்பள்ளி தாண்டுனா ஓசூருதான. தெனமும் பஸ் ஏறி வந்துர்றேன். சும்மா நிக்கத்தான வேணும்?" என்றார்.

அவருடைய தம்பியைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வேண்டாங்கக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனிதப் பிறவியாக இருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது.

"மூணு மணிக்கு முன்னாடியே வந்துடுங்கக்கா" என்றேன்.