மூன்று கதவும் ஒரு லைசென்ஸும்

நகராட்சிச் சட்டப்படி, லைசென்ஸ் கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், லைசென்ஸ் கிடைத்ததாகவே கருதிக் கடையைத் திறக்கலாம். ஆபீஸ் பாஷையில் டீம்டு லைசென்ஸ். லைசென்ஸ் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெறும்வரை, இந்த விதியை நம்பிக் கடை திறந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கிடைத்ததாகக் கருதப்படும் ஒன்றைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட முடியாது.

விண்ணப்பம்

ஓய்வுக்குப் பிறகு, வலியசாலை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். விஷு கழிந்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். செல்வம், போனக்காடு தேயிலை எஸ்டேட் தொழிலாளியின் மகன். மான்செஸ்டரில் சமையல்காரனாக இருந்து திரும்பியவன். பிஜு உள்ளூர்ப் பாடகன்.

"என்ன கடை?" என்றேன்.

"சாப்பாட்டுக் கடை மேடம். சனி, ஞாயிறு சாயங்காலம் பாட்டு. பிஜு சேலை கட்டிப் பாடுவான்."

"பார் உண்டா?"

"இல்ல மேடம்."

"பிழைச்சே. அது வேற டிபார்ட்மென்ட், வேற ஜென்மம்."

செல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நானும் பிஜுவும் ஒண்ணா வாழுறோம் மேடம். எங்கள மாதிரி ஆளுங்க பயமில்லாம உக்காந்து சாப்பிடணும்னுதான் இந்தக் கடை. எல்லாரும் வரலாம்."

"அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லை. சதுர அடி எத்தனை, அதைச் சொல்லு."

பிஜு சிரித்துவிட்டான். "மேடம் கொள்ளாம்!" என்று மலையாளத்தில் மெச்சினான்.

மான்செஸ்டரில் கால்வாய்க் கரை நெடுக அப்படிப்பட்ட கடைகளாம். ஆணும் ஆணும் கைகோத்து வந்து உட்காருவார்களாம். வெயிட்டர் கேட்பது சூப்பா, சாலடா என்று மட்டும்தானாம்.

டீம்டு விதியைச் சொன்னேன். செல்வம் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் மேடம். போலீஸ் உள்ள வந்து, சாப்பிட்டுட்டு இருக்கிற பையன்கிட்ட அவன் அப்பா நம்பரைக் கேட்டா, அவன் அப்புறம் எங்கயுமே வரமாட்டான். சீல் வச்ச பேப்பர் வேணும். அதைக் காட்டி வாசல்லயே நிறுத்திருவேன்."

இன்ஸ்பெக்‌ஷன்

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒரு மத்தியானம் கடையைப் பார்க்க வந்தார். நானும் போயிருந்தேன். தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட், ஹெல்த் கார்டு, அடுப்படிப் புகைபோக்கி எல்லாம் சரி. உருளைக்கிழங்குக்குப் பதிலாகக் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை மசித்து, அடியில் கறி வைத்து, செல்வம் சுட்டுக் கொடுத்த பதார்த்தத்தையும் சாப்பிட்டார். பிறகு கழிப்பறைப் பக்கம் போனார். மூன்று கதவு. ஒன்றிலும் போர்டு இல்லை.

"ஆண், பெண் போர்டு எவிடே?"

"இல்ல சார். யாரும் எதுலயும் போகலாம்."

"தனித்தனியா வேணும். ரூலாக்கும்."

செல்வத்தைத் தள்ளி அழைத்துப் போனேன். "ரெண்டு போர்டை ஒட்டு. அவர் போனதும் எடுத்துடு. ஊர்ல பாதிக் கடைல தீயணைப்பு சிலிண்டர் அப்படித்தான் வந்து போறது."

"மாட்டேன் மேடம். எங்களுக்கு வேண்டிய திருநங்கை அக்கா ஒருத்தங்கள தியேட்டர்ல ரெண்டு கதவுலேர்ந்தும் விரட்டிருக்காங்க. என் கடையிலயும் ஒரு நாளைக்காவது அந்தப் போர்டு தொங்கணுமா?"

என் நல்ல யோசனையை மறுத்த முதல் விண்ணப்பதாரர் இவன்தான். எரிச்சலாக இருந்தது. இன்ஸ்பெக்டரிடம் திரும்பி வந்தேன்.

"மேடமே, ஞான் எந்து எழுதணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உள்ளதை எழுதுங்கோ. மூணு கக்கூஸ். ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு, உள்தாழ்ப்பாள், வாஷ் பேசின். போர்டைப் பத்தி மேல இருக்கறவா கேக்கட்டும்."

அப்படியே எழுதினார். மேலே இருப்பவர்களும் கேட்டார்கள்.

டிஸ்கஸ்

எனக்குப் பிறகு சூப்பிரண்டானவள் லதிகா. ஃபைலில் 'டிஸ்கஸ்' என்று எழுதி வைத்துவிட்டாள். யாரோடு, எப்போது பேச வேண்டும் என்று எழுதுவது வழக்கமில்லை. ஃபைலைத் தூங்கவைக்க அதைவிட நல்ல தாலாட்டு கிடையாது. முப்பது நாள் தாண்டியது. ஓணத்துக்குள் திறக்காவிட்டால் இடத்தை மொபைல் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டிட உரிமையாளர் சொல்லிவிட்டார். ஆபீஸுக்குப் போனேன்.

"சேச்சி, போர்டில்லாம கொடுத்தா ஆடிட்டுக்கு யாரு பதில் சொல்லுறது?"

"சென்னைக்கு ரயில்ல போறியே, ராத்திரி எந்தப் போர்டைப் பார்த்துக் கக்கூஸுக்குள்ளே போறாய்?"

"அது ரயில்வே, சேச்சி."

"சரி, ரயில்வே வேண்டாம். கிழக்கேகோட்டைல ஒத்தைக் கக்கூஸோட லைசென்ஸ் வாங்கின டீக்கடை எத்தனை? ஆணுக்கும் பொண்ணுக்கும் அதே கதவு. பாதி என் கையெழுத்து, மீதி உன்னோடது. ஒண்ணு இருந்தா ஆகும், மூணு இருந்தா ஆகாதோ?"

லதிகா குரலைத் தாழ்த்தினாள். "வர்ற ஆளுகள் யாராக்கும்னு சேச்சிக்குத் தெரியும் அல்லே?"

"தெரியும். பசியோட வர்றவா. டிஸ்கஸ்னு எழுதினா, பேசினப்புறம் டிஸ்கஸ்டுன்னும் எழுதணும். இப்போ பேசியாச்சு. எழுது."

லதிகா ஃபைலை இழுத்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: "சனிக்கிழமை குடும்பத்தோட போனா இடம் கிடைக்குமா, சேச்சி?"

"புக் பண்ணணுமாம்."

இப்போது வேலையில் இருக்கும் கிளார்க்குகளுக்கு ஒன்று சொல்லலாம். காகிதம் வேண்டாம் என்று சொல்ல ஒரு விதி எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அந்தக் காகிதம் எதற்கு வேண்டும் என்று விண்ணப்பதாரரிடம் கேட்கும் வழக்கம் மட்டும் என் சர்வீஸில் இருந்ததில்லை. அதையும் கேளுங்கள். கேட்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

சீல் வைத்த பதில் செல்வத்தின் கைக்கு வந்தது ஆவணி ஒன்றாம் தேதி. மலையாளிகளுக்கு அன்று வருஷப் பிறப்பு.