புழுப் பெட்டியில் சம்பால்

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில், காய்கறித் தோலை உரமாக்க ஒரு பெட்டியில் மண்புழு வளர்க்கிறேன். போன மாதம் வேலை முடிந்து வந்தபோது நடைபாதையெங்கும் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

“என் செருப்புல எல்லாம் ஏறுதும்மா!” என்று பக்கத்து வீட்டு அக்கா அலறினார்.

உள்ளே ஓடிக் கணவரைக் கேட்டேன்.

“மிச்ச மிளகாய்ச் சம்பால் வீணாகுதேன்னு புழுவுக்குப் போட்டேன்லா. நீதானே சாப்பாட்டை வீணாக்காதேன்னு சொல்வே?”

“உப்பும் காரமும் பட்டா அதுங்க செத்துப் போகும்னு எத்தனை தடவை சொன்னேன்!”

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருவரும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஈரமான புது மண்ணில் விட்டோம். பாதிதான் பிழைத்தன.

இப்போது மூடியில் ‘பழத்தோல், காய்கறித்தோல் மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதையும் நம்பாமல் பூட்டும் போட்டுவிட்டேன்.